ஸ்கேனருக்குள் இருக்கும் இருப்புக் கணக்கைக் கணனிக்கு எடுப்பது எப்படி?

இருப்பெடுப்பு என்றாலே நமது கடை முதலாளிமாருக்குத் தலையிடிதான். மார்ச் 31 இல் வரி ஆண்டு முடிந்ததும் கணக்காளர் முதலில் கேட்பது இறுதி இருப்பின் பெறுமதியைத்தான். ஸகாத் கணக்குப் பார்க்கும் நாள் வந்தால் கடையிலும் களஞ்சியத்திலும் விற்பனைக்கு உள்ள சரக்கின் பெறுமதி தெரிந்திருக்க வேண்டும். வங்கிக் கடனுக்குப் போனாலும், காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனாலும் அதே கேள்விதான். முன்னர் ஒருவர் றாக்கையின் மேலிருந்து சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் கொப்பியில் எழுதிக் கொள்வார். எழுதியது ஒன்று, இருந்தது வேறொன்று என்ற பேச்சும் கூடவே வரும்.

இன்று சிறிய சுப்பர் மார்க்கெட் முதல் ஹார்ட்வெயார் கடை, பாதணிக் கடை, மருந்துக் கடை வரை பலர் இதற்குக் கையடக்க ஸ்கேனரைப் பயன்படுத்துகிறார்கள். கடையை மூடிய பின்னர் இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு கருவியுடன் இறங்கினால் ஓரிரவில் வேலை முடிந்துவிடுகின்றது. சிக்கல் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் ஆரம்பமாகின்றது. இரவு முழுவதும் படித்த இலக்கங்கள் அனைத்தும் அந்தச் சின்னக் கருவிக்குள் இருக்கின்றன. அதைக் கணனியில் பொருத்தினால் ஒன்றும் தெரிவதில்லை. கருவியை விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. இந்த நேரத்தில் யாராவது ஒரு தம்பி, "நான் பார்க்கிறேன் நானா" என்று வந்து நாலு பட்டன்களை அமுக்குவார். அதில் ஒன்று அழிக்கும் பட்டனாக இருந்தால் ஒரு இரவின் உழைப்பு போய்விடும். கடையை மீண்டும் மூடி, ஆட்களுக்கு மேலதிக நேரச் சம்பளமும் கொடுத்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து எண்ண வேண்டியதுதான்.

ஆகவே, அந்தத் தரவுகளைப் பத்திரமாகக் கணனிக்கு எடுக்கும் வழியை இவ்வாரம் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. பார்கோட் என்னும் பட்டைக் குறியீட்டில் விலையும் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. அது வெறும் இலக்கம் மட்டுமே. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊரிலுள்ள சுப்பர் மார்க்கெட் ஒன்றில் 1974 ஜூன் 26 ஆம் திகதி ஒரு சுவிங்கம் பக்கெட்டில் இருந்து படிக்கப்பட்டதும் இத்தகைய இலக்கம்தான். நம் கடைகளில் உள்ள பொருட்களில் பெரும்பாலானவற்றில் 13 இலக்கங்கள் இருக்கும். 479 என்று தொடங்கினால் அது இலங்கையில் உள்ள ஜீ.எஸ்.1 அமைப்பின் ஊடாகப் பெற்ற இலக்கம். பொருள் இங்கேதான் தயாரிக்கப்பட்டது என்பதற்கு அது சான்றல்ல. இதைப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் இந்த இலக்கத்தை மட்டுமே சேமிக்கின்றது. சில கருவிகள் அதனுடன் எண்ணிக்கை, திகதி, நேரம் ஆகியவற்றையும் சேர்த்து வைக்கும். பெயரும் விலையும் உங்கள் கணனியில் உள்ள பொருட் பட்டியலில் இருந்துதான் வர வேண்டும். ஆகவே கருவியில் இருந்து இலக்கங்கள் வந்து சேர்வது பாதி வேலை. அவை பட்டியலுடன் பொருந்துவது மறுபாதி.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

பில் போடும் மேசையில் வயருடன் இருக்கும் சாதாரண ஸ்கேனருக்குப் பெரும்பாலும் நினைவகம் கிடையாது. அது கணனிக்கு ஒரு விசைப்பலகை போலத்தான். படித்ததை அந்த நொடியிலேயே தட்டச்சு செய்துவிட்டு மறந்துவிடும். அதில் இருந்து பழைய தரவுகளை எடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்க முடியாது, ஏனெனில் அதற்குள் ஒன்றும் இல்லை.

சேமித்து வைக்கும் கருவிகளில் நம்மவர் கையில் அதிகம் காணப்படுவன மூன்று வகை. ஒன்று, சீனாவில் இருந்து வரும் விலை குறைந்த வயர் இல்லாத ஸ்கேனர். இதற்குத் திரை இருக்காது. சிறிய யூ.எஸ்.பி. ரிசீவர் ஒன்றும், குறியீடுகள் அச்சிட்ட தாள் ஒன்றும் பெட்டிக்குள் இருக்கும். இரண்டாவது, கணனியில் பொருத்தியதும் பென் டிரைவ் போலத் தோன்றும் சிறிய கருவி. மூன்றாவது, திரையும் விசைகளும் கொண்ட, தரவு சேகரிப்பான் எனப்படும் கருவி. இதில் பழையவை தொட்டில் போன்ற தாங்கியில் வைத்து இணைக்கப்படுபவை. புதியவை கைத்தொலைபேசி போல அன்ட்ரொயிட்டில் இயங்குபவை.

எந்த வகை என்று தெரியாமல் எதையும் அமுக்க வேண்டாம். கருவியின் பின்புறத்தில் ஒட்டியுள்ள லேபலில் மாதிரி இலக்கம் இருக்கும். அதைக் குறித்துக் கொண்டு வழிகாட்டி நூலைத் தேடுங்கள். இங்கே ஒரு விடயம். பாவித்த கருவிகள் வாங்கியவர்களிடம் சிம்பல், மெட்ரோலொஜிக், இன்டர்மெக் போன்ற பெயர்கள் உள்ள கருவிகள் இருக்கலாம். சிம்பல் நிறுவனத்தை 2007 இல் மோட்டோரோலா வாங்கியது. பின்னர் 2014 இல் அந்தப் பகுதி ஸீப்ரா நிறுவனத்தின் கைக்குப் போனது. மெட்ரோலொஜிக் 2008 இலும், இன்டர்மெக் 2013 இலும் ஹனிவெல்லுடன் சேர்ந்தன. எனவே பழைய சிம்பல் கருவிக்கான நூலையோ டிரைவரையோ ஸீப்ராவின் பெயரில்தான் தேட வேண்டும். சிம்பல் என்ற பெயரிலேயே தேடிக் கொண்டிருந்தால் கிடைப்பது கடினம்.

தாளில் உள்ள குறியீட்டால் இயங்கும் ஸ்கேனர்

நமது கடைகளில் அதிகம் உள்ளது இதுதான். அதிகம் பிழை நடப்பதும் இதில்தான். எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்வோம்.

இதன் தாளில் சேமிப்பு முறைக்கு மாறும் குறியீடு ஒன்று இருக்கும். அதைப் படித்த பின்னர் ஸ்கேனர் கணனிக்கு அனுப்பாமல் தனக்குள்ளேயே சேர்த்துக் கொண்டு போகும். வேலை முடிந்ததும் தரவேற்றும் குறியீட்டைப் படித்தால் சேர்த்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணனிக்குத் தட்டச்சு செய்யும். தட்டச்சு செய்யும் என்பதை இங்கு அப்படியே எடுத்துக் கொள்ளுங்கள். கோப்பு எதுவும் நகர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் மிக வேகமாக விசைகளைத் தட்டுவது போன்றது அது. அந்த நேரத்தில் கணனித் திரையில் கர்சர் எங்கே நிற்கின்றதோ அங்கேதான் எழுத்துக்கள் போய் விழும்.

கர்சர் பில் போடும் மென்பொருளில் நின்றால் என்னவாகும்? ஒவ்வொரு இலக்கமும் ஒரு விற்பனையாகப் பதிவாகிவிடும். இருப்பைக் கூட்ட வந்த தரவு இருப்பைக் குறைத்துவிட்டுப் போகும். அதனால் தரவேற்றுமுன் பில் மென்பொருளையும், திறந்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். நோட்பேட்டை மட்டும் திறந்து, வெற்றுப் பக்கத்தில் ஒருமுறை கிளிக் செய்து, கர்சர் மின்னுவதைக் கண்ணால் பார்த்த பின்னரே குறியீட்டைப் படிக்க வேண்டும். நேரடியாக எக்ஸெல்லில் இறக்குவதை விட நோட்பேட் பாதுகாப்பானது. அது எதையும் மாற்றாது, வந்ததை வந்தபடியே வைத்திருக்கும். அதன் அருமை பின்னால் தெரியும்.

இன்னும் சில விடயங்கள். கணனியின் விசைப்பலகை மொழி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழோ சிங்களமோ தெரிவாகி இருந்தால், இலக்கங்கள் தப்பினாலும் எழுத்துக்கள் கலந்த குறியீடுகள் வேறெதுவாகவோ வந்து விழும். ஹார்ட்வெயார், வாகன உதிரிப்பாகக் கடைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுடைய பொருட்களின் குறியீடுகளில் எழுத்துக்கள் அதிகம். கேப்ஸ் லொக் போடப்பட்டிருந்தால் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் இடம் மாறும். எல்லா இலக்கங்களும் ஒரே வரியில் ஒட்டிக் கொண்டு வந்தால், ஒவ்வொரு குறியீட்டுக்குப் பின்னும் என்டர் அனுப்பும் அமைப்பு ஸ்கேனரில் இல்லை என்று பொருள். அதற்கான குறியீடும் தாளிலேயே உண்டு. அதைப் படித்துவிட்டு மீண்டும் தரவேற்றலாம்.

கணனி மிகவும் பழையதாக இருந்தாலோ, ரிசீவருக்கும் ஸ்கேனருக்கும் இடையில் தூரம் அதிகமாக இருந்தாலோ இடையிடையே இலக்கங்கள் விழுந்துபோகும். 13 இலக்கங்களுக்குப் பதிலாக 12 அல்லது 11 இலக்கங்கள் உள்ள வரிகள் தெரிந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். தட்டச்சு வேகத்தைக் குறைக்கும் குறியீடு பல தாள்களில் உண்டு. அதைப் பயன்படுத்தி, ஸ்கேனரைக் கணனிக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பவும் இறக்குங்கள்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. அந்தத் தாளில் தரவேற்றும் குறியீடும், நினைவகத்தை அழிக்கும் குறியீடும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். ஸ்கேனரின் ஒளி கொஞ்சம் சரிந்தால் போதும். எனவே அழிக்கும் குறியீட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்து வையுங்கள். இதைவிட மலிவான காப்புறுதி இல்லை. வேலை முடிந்து, எல்லாம் சரிபார்த்த பின்னர் அதைத் திறந்தால் போதுமானது.

சில மாதிரிகளில் தானாகச் சேமிக்கும் முறையும் இருக்கின்றது. ரிசீவரின் எல்லைக்கு வெளியே போனால் சேமித்துக் கொள்ளும். எல்லைக்குள் திரும்பியதும் கேட்காமலேயே அனுப்பிவிடும். களஞ்சியத்தில் எண்ணிவிட்டு ஸ்கேனருடன் கடைக்குள் வரும் ஆள், அந்த நேரம் காசாளரின் திரையில் பில் ஒன்று பாதியில் நின்றால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். இருப்பெடுப்புக்கு இந்த முறை நல்லதல்ல.

பென் டிரைவ் போலத் தெரிபவை

இவற்றில் தொல்லை குறைவு. கணனியில் பொருத்தியதும் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். அதற்குள் ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். அதனைக் கணனிக்குப் பிரதி செய்ய வேண்டும். வெட்டி ஒட்டாதீர்கள். டிரைவில் வைத்தே திறந்து திருத்தவும் வேண்டாம். முதலில் பிரதி, பிறகு பிரதியில் வேலை. மூலக் கோப்பு கருவியில் அப்படியே இருக்கட்டும்.

பொருத்தியும் டிரைவ் தோன்றவில்லை, ஆனால் விளக்கு எரிகின்றது, மின்கலம் சார்ஜ் ஆகின்றது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கைத்தொலைபேசிக் கடைகளில் கிடைக்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே உள்ளன, தரவு போகும் கம்பிகள் இல்லை. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கருவியுடன் வந்த கேபிளைத் தேடிப் பிடித்து, ஹப் ஒன்றின் ஊடாக அல்லாமல் கணனியில் நேரடியாகப் பொருத்திப் பாருங்கள். கருவி பழுது என்று தூக்கிக் கொண்டு திருத்துபவரிடம் போகுமுன் செய்ய வேண்டியது இது.

தாங்கியில் வைத்து இறக்கும் பழைய கருவிகள்

இவை பெரும்பாலும் தொடர் துறை எனப்படும் சீரியல் போர்ட் ஊடாகப் பேசுபவை. யூ.எஸ்.பி. கேபிள் இருந்தாலும் உள்ளே நடப்பது அதே பேச்சுத்தான். இதில் இரு பக்கமும் ஒரே வேகத்தில், ஒரே விதிமுறையில் பேச வேண்டும். கருவியில் 38,400 என்றும் கணனியில் 9,600 என்றும் வேகம் இருந்தால் திரையில் கிறுக்கல்கள்தான் வரும் அல்லது ஒன்றுமே வராது. கருவியின் அமைப்புப் பட்டியலில் வேகம், தரவு பிட், பரிட்டி, ஸ்டொப் பிட் என்ற நான்கையும் பார்த்துக் குறித்துக் கொண்டு, கணனி மென்பொருளிலும் அவற்றையே கொடுக்க வேண்டும்.

அடுத்தது போர்ட் இலக்கம். விண்டோஸின் டிவைஸ் மெனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். கேபிளைப் பொருத்தும்போது புதிதாகத் தோன்றும் கொம் இலக்கம்தான் உங்களுடையது. எதுவும் தோன்றவில்லை அல்லது மஞ்சள் குறி தெரிகின்றது என்றால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். நேற்று வேலை செய்த கேபிளை இன்று வேறொரு யூ.எஸ்.பி. துளையில் பொருத்தினால் இலக்கம் மாறிவிடுவதும் உண்டு. அதனால் ஒரே துளையை எப்போதும் பாவிப்பது நல்லது.

கருவியுடன் வந்த சீடியில் தரவை வாங்கும் சிறிய மென்பொருள் இருக்கும். அது தொலைந்திருந்தால் பழைய காலத்தில் விண்டோஸுடன் வந்த ஹைப்பர் டெர்மினல் கைகொடுத்தது. விண்டோஸ் விஸ்டாவில் இருந்து அது சேர்க்கப்படவில்லை. டெரா டேர்ம், புட்டி போன்ற இலவச மென்பொருட்கள் இன்று அந்த வேலையைச் செய்கின்றன. வரும் தரவை ஒரு கோப்பில் பதிவு செய்யும் வசதி இவற்றில் உண்டு. ஆனால், கருவி தனக்கே உரிய உரையாடல் முறையில் பதிலை எதிர்பார்ப்பதாக இருந்தால் இவை போதாது. அப்போது தயாரிப்பாளரின் மென்பொருளே வேண்டும்.

எதைப் பாவித்தாலும் ஒழுங்கு முறை ஒன்றுண்டு. முதலில் கணனி கேட்கத் தயாராக வேண்டும், அதன் பின்னரே கருவியில் அனுப்பும் பட்டனை அமுக்க வேண்டும். கேட்பதற்கு யாரும் இல்லாமல் அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று கருவி சொல்வதை நம்பி, தரவை அழிக்கவா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் கொடுத்தால் கதை முடிந்தது. அனுப்பி முடிந்ததும் அப்படிக் கேட்கும் கருவிகள் இருக்கின்றன. எப்போதும் இல்லை என்றே பதில் கொடுங்கள்.

தாங்கியில் உள்ள உலோகப் புள்ளிகளில் தூசும் களிம்பும் படிந்திருந்தாலும் தொடர்பு கிடைக்காது. அரிசி, மாவு, மிளகாய்த்தூள் பறக்கும் கடைகளில் இது சகஜம். உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் சீ.ஈ. அல்லது விண்டோஸ் மொபைலில் இயங்கிய கருவிகள் வேறொரு கதை. அவற்றை இணைக்க எக்ஸ்.பீ. காலத்தில் அக்டிவ் சிங்க் என்ற மென்பொருளும், விஸ்டாவிலும் விண்டோஸ் 7 இலும் அதற்குப் பின் வந்த மொபைல் டிவைஸ் சென்டரும் இருந்தன. விண்டோஸ் 10 வந்த பின்னர் இது பலருக்கு வேலை செய்யாமல் போய்விட்டது. இத்தகைய கருவி உங்களிடம் இருந்தால், மெமரி கார்ட் போடும் இடம் இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், கருவியிலேயே கோப்பைக் கார்டுக்குப் பிரதி செய்து, கார்டைக் கழற்றிக் கணனியில் படிப்பது இலகுவான வழி.

அன்ட்ரொயிட் கருவிகளில் தரவு இருப்பெடுப்புச் செயலிக்குள் இருக்கும். கேபிளில் பொருத்தினால் மட்டும் அது வெளியே தெரியாது. செயலியில் ஏற்றுமதி என்ற கட்டளையைக் கொடுத்து முதலில் ஒரு கோப்பாக்க வேண்டும். அதன் பின்னர் கேபிளைப் பொருத்தி, திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் அறிவிப்பில் சார்ஜ் மட்டும் என்பதை மாற்றிக் கோப்புப் பரிமாற்றம் என்று தெரிவு செய்ய வேண்டும். புதிதாக உருவாக்கிய கோப்பு சில வேளைகளில் கணனியில் உடனே தோன்றாது. கருவியை ஒருமுறை அணைத்து ஏற்றினால் தோன்றும். கேபிளுடன் மல்லுக்கட்டாமல் மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பிக் கொள்வதும் நடக்கும். செயலி சரியாக வேலை செய்யவில்லை என்று அதை அகற்றிவிட்டு மீண்டும் நிறுவுவதை மட்டும் செய்யாதீர்கள். செயலியுடன் அதற்குள் இருக்கும் தரவும் போய்விடும்.

எக்ஸெல் செய்யும் வேலை

தரவு கணனிக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்து, கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்ஸெல்லில் திறக்கும் இடத்தில்தான் இரண்டாவது ஆபத்து இருக்கின்றது. 13 இலக்க பார்கோடை எக்ஸெல் ஒரு சாதாரண எண்ணாக நினைத்துக் கொள்ளும். திரையில் 4.79 என்று தொடங்கி, ஓர் ஆங்கில எழுத்தும் +12 என்பதும் தெரியும். இது வரை சேதம் இல்லை, உள்ளே முழு இலக்கமும் இருக்கின்றது. ஆனால், அந்த நிலையிலேயே சீ.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் கோப்பிலும் எழுதப்படும். உண்மை இலக்கம் போய்விடும். ஒரே நிறுவனத்தின் எல்லாப் பொருட்களும் ஒரே இலக்கமாகத் தெரியும் பட்டியல் எதற்கும் உதவாது.

பூச்சியத்தில் தொடங்கும் குறியீடுகளில் முன்னாலுள்ள பூச்சியத்தை எக்ஸெல் நீக்கிவிடும். அமெரிக்காவில் இருந்து வரும் பொருட்களிலும் கடைக்காரர்கள் தாமே போட்டுக் கொண்ட இலக்கங்களிலும் இது அதிகம். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட நீண்ட தொடர் இலக்கங்களில் பதினாறாவது முதல் எல்லாவற்றையும் பூச்சியமாக்கிவிடும். கைத்தொலைபேசியின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் 15 ஆகையால் மயிரிழையில் தப்புகின்றது. சிம் அட்டையின் நீண்ட இலக்கம் தப்புவதில்லை.

இதற்கான தீர்வு இலகுவானது. கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாமல், எக்ஸெல்லைத் திறந்து டேட்டா என்ற பகுதிக்குப் போய், எழுத்துக் கோப்பில் இருந்து பெறு என்ற கட்டளையின் ஊடாக உள்ளே எடுங்கள். பழைய பதிப்புகளில் மூன்றாவது கட்டத்தில் பார்கோட் நிரலைத் தெரிவு செய்து அதன் வகையை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும். புதிய பதிப்புகளில் தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்று தெரிவு செய்தால் போதும். 2023 இல் இருந்து புதிய எக்ஸெல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தையே நிறுத்தி வைக்கும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது.

உள்ளே எடுத்த பின்னர் பொருட் பட்டியலுடன் பொருத்திப் பார்க்கும்போது, கண்ணுக்கு ஒரே இலக்கமாகத் தெரிபவை பொருந்தவில்லை என்று எக்ஸெல் அடம் பிடிக்கும். ஒரு பக்கம் இலக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருப்பதே இதற்குக் காரணம். இரண்டையும் எழுத்தாக மாற்றினால் சரியாகிவிடும். இதை அறியாமல், பொருந்தாத பொருட்கள் எல்லாம் கடையில் இல்லை என்று முடிவெடுத்தவர்கள் உண்டு.

எண்ணிக்கை சரியா?

கருவியின் திரையோ, எண்ணிக்கையைக் காட்டும் குறியீடோ 1,840 என்று சொன்னால் கோப்பிலும் 1,840 வரிகள் இருக்க வேண்டும். குறைந்தால் இடையில் விழுந்திருக்கின்றது. 3,680 என்று வந்தால் இரண்டு முறை இறக்கியிருக்கிறீர்கள். தரவேற்றிய பின்னரும் பெரும்பாலான கருவிகள் தரவை வைத்திருப்பதால் இது இலகுவில் நடக்கும். இறுதி இருப்பு கூடினால் அந்த ஆண்டின் மொத்த இலாபமும் அதே தொகையால் கூடித் தெரியும் என்பதைக் கணக்காளரைக் கேட்டால் சொல்வார். இல்லாத சரக்குக்கு வரி கட்டுவது யாருக்கும் விருப்பமான காரியமல்ல.

வரிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் இருப்புப் பிழைக்கும் இடங்கள் சில உண்டு. பெட்டியின் மேல் உள்ள பார்கோடும் உள்ளே உள்ள பக்கெட்டின் பார்கோடும் ஒன்றல்ல. பெட்டியில் பெரும்பாலும் 14 இலக்கங்கள் இருக்கும். 24 பக்கெட்டுகள் கொண்ட பால்மாப் பெட்டிகள் பத்தைப் படித்துவிட்டு, பத்து என்று மட்டும் கணக்கில் கொண்டால் 230 பக்கெட்டுகள் காணாமல் போய்விடும். அதன் பிறகு களஞ்சியத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் மீது சந்தேகம் விழும். கோப்பில் உள்ள 14 இலக்க வரிகளைத் தனியே பிரித்து, ஒரு பெட்டிக்கு எத்தனை என்பதால் பெருக்கிய பின்னரே மொத்தத்துடன் சேர்க்க வேண்டும்.

கடையிலேயே நிறுத்துப் பொதி செய்து ஸ்டிக்கர் ஒட்டும் பருப்பு, பேரீச்சம்பழம், மாசி போன்றவற்றின் குறியீடு பொதுவாக 2 இல் தொடங்கும். அதற்குள் நிறையோ விலையோ சேர்ந்திருப்பதால் ஒவ்வொரு பொதிக்கும் வேறு இலக்கம் வரும். எந்த இலக்கங்கள் பொருளைக் குறிக்கின்றன, எவை நிறையைக் குறிக்கின்றன என்பது உங்கள் தராசும் மென்பொருளும் அமைக்கப்பட்ட விதத்தைப் பொறுத்தது. அதை மென்பொருள்காரரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். கடையைத் திறந்து வைத்துக் கொண்டே எண்ணினால், காலை பத்து மணிக்கு எண்ணிய பொருள் பதினொரு மணிக்கு விற்பனையாகியிருக்கும். கருவி நேரத்தைப் பதியுமானால் அதனை பில் நேரத்துடன் ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். ஆனால் மின்கலம் இறங்கிப் போன கருவிகளின் கடிகாரம் பல வருடங்கள் பின்னால் போய் நிற்பதும் உண்டு. தொடங்குமுன் திகதியையும் நேரத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டு மூன்று கருவிகள் என்றால், எந்த றாக்கை எந்தக் கருவியில் என்று ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றின் கோப்புக்கும் கருவியின் பெயரையும் திகதியையும் பெயராகக் கொடுத்தால் பின்னர் குழப்பம் வராது.

மின்கலத்தைப் பற்றி

பழைய கருவிகள் பலவற்றில் தரவு நிலையான நினைவகத்தில் இல்லை. மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே அது இருக்கும். பிரதான மின்கலம் இறங்கினால் உள்ளே உள்ள சிறிய உப மின்கலம் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் இறங்கினால் எல்லாம் வெறுமையாகிவிடும். பல வருடங்கள் பாவித்த கருவிகளில் உப மின்கலம் ஏற்கனவே செத்துப் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனவே தரவு உள்ளே இருக்கும்போது மின்கலத்தைக் கழற்ற வேண்டாம். உடனே இறக்க முடியாவிட்டால் சார்ஜரில் போட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு எண்ணிவிட்டு, கருவியை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி, திங்கட்கிழமை பார்ப்போம் என்று போவது இத்தகைய கருவிகளுக்குச் சரிப்படாது. முடிந்தால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இறக்கிவிடுவது நல்லது. ஒரு றாக்கைப் பகுதி போனால் மீண்டும் எண்ணலாம், முழுக் கடையும் போனால் அது வேறு.

கருவியின் நினைவகத்தை அழிப்பது கடைசி வேலை. கோப்பு கணனியில் இருக்கின்றது, பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ இன்னொரு பிரதி இருக்கின்றது, வரி எண்ணிக்கை பொருந்துகின்றது, எழுமாறாக எடுத்த பத்துப் பொருட்களை றாக்கையில் போய்ப் பார்த்தாயிற்று என்ற பின்னர்தான் அழிக்க வேண்டும். ஆனால் அடுத்த இருப்பெடுப்புக்கு முன் கட்டாயம் அழித்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் போன தடவை எண்ணியதும் இந்தத் தடவைக் கணக்கில் வந்து சேர்ந்துவிடும்.

புதிதாகவோ பாவித்ததாகவோ ஒரு கருவி வாங்கப் போகிறவர்கள், எத்தனை ஆயிரம் குறியீடுகளைச் சேமிக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் கடையில் பாவிக்கும் மடிக்கணனியையே விற்பவரிடம் கொண்டு போங்கள். ஐந்தாறு பொருட்களையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் ஒரு பெட்டியும், கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் உள்ள பொதி ஒன்றும் இருக்கட்டும். அங்கேயே படித்து, கருவியை அணைத்து, மீண்டும் ஏற்றி, உங்கள் கணனியில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அந்தக் கேபிளையும், மென்பொருளையும், குறியீட்டுத் தாளின் போட்டோ பிரதி ஒன்றையும் சேர்த்து வாங்கிக் கொண்டு பணத்தைக் கொடுங்கள்.